லூர்து மாதாவிடம் மோட்டார் ஏறாமல் போன கதை

பிரான்சில் கார் வராத பாதைகள் இருக்கின்றன என்று எங்களுக்கு முதலில் சொன்னவர் எங்கள் பங்குச் சுவாமி. அவர் சமோவாக்காரர், முன்பு ஒருமுறை அங்கே லூர்து மாதா கோயிலுக்கு யாத்திரை போய் வந்தவர். ஒக்லாந்தில், ஏவன்டேலில் அவருடைய அறையில் என் மனைவி றீற்றாவும் நானும் ஒரு சிக்கலோடு போய் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் ஒரே மகள் ஷெரின் சில வருடங்களுக்கு முன் மோட்டார்வேயில் விபத்துக்குள்ளாகி நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். றீற்றா அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தாள். "லூர்து மாதாவே, இந்த மோட்டார்தான் என்ர பிள்ளையை விழுத்தினது. நீ அவளை எழுப்பித் தா. நான் மோட்டார் ஏறாமல் உன்ர வாசலுக்கு வாறன்." பக்கத்தில் நின்ற நானும் ஆமென் சொல்லிவிட்டேன். அதனால் அது எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பிள்ளை எழும்பினாள், நடந்தாள், கலியாணமும் முடித்தாள். மருமகன் கார்த்திக் கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பிள்ளை. இப்போது ஷெரினுக்கு எட்டாம் மாதம். நேர்த்தி மட்டும் தீராமல் நின்றது. அது தீராமல் பேரப்பிள்ளை பிறந்தால் என்ன நடக்குமோ என்ற பயம் றீற்றாவைப் பிடித்துக்கொண்டது. சாப்பாடு குறைந்தது. ஷெரின் தன் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால், திரும்பி வரும்வரை செபமாலையைக் கீழே வைக்கமாட்டாள்.

"சுவாமி, நியூசிலாந்து ஒரு தீவு. மோட்டார் ஏறாமல் எப்படிப் போவது?" என்று கேட்டேன்.

சுவாமி தீர்ப்புச் சொன்னார். "மாதா உங்களைப் பசிபிக் சமுத்திரத்தில் துடுப்புப் போடச் சொல்லமாட்டா. விமானமும் ரயிலும் கணக்கில் இல்லை. அங்கே ஒரு ஊரில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்து போங்கள்."

றீற்றாவுக்கு முழங்கால் தேய்மானம். நடக்கக்கூடாது, சைக்கிள் மிதித்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போதுதான் சுவாமி அந்தக் கார் வராத பாதைகளைப் பற்றிச் சொன்னார். வாய்க்கால் கரையிலும் பழைய தண்டவாளம் கிடந்த தடத்திலும் நாள்கணக்காகச் சைக்கிளிலேயே போகலாமாம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கலைந்த பிறகு, ஏவன்டேல் குதிரைப் பந்தயத் திடலின் வெறும் கார் தரிப்பிடத்தில் பழகினோம். மன்னாரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனவள்தான் றீற்றா. ஆனால் இடையில் முப்பது முப்பத்தைந்து வருடம் போய்விட்டதே. கிழங்கு விற்கும் தொங்கா தீவுக்காரர் ஒருவர் வான் வண்டிக்குள் சாமான் ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். ஷெரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, நீங்கள் பஸ்சில் போனால் மாதா பொலிசில் முறைப்பாடு செய்வாவா?" என்று இங்கிலீசில் கேட்டாள். "நீ வாயை மூடிக்கொண்டு காலை நீட்டி இரு" என்று றீற்றா தமிழில் சொன்னாள். அவர்கள் இருவரும் எப்போதும் இப்படித்தான், ஆளுக்கொரு பாஷையில்.

பாரிசில் றீற்றாவின் தம்பி அன்ரன் இருக்கிறான். சைக்கிள் பிடித்துத் தரும் பொறுப்பை அவன் ஏற்றுக்கொண்டான். "அத்தான், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அக்காவுக்கு நல்ல சைக்கிளா நான் பாத்து எடுக்கிறன்" என்றான்.

ரயில் எங்களை வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்றில் இறக்கிவிட்டது. நேர்த்தி அந்த ஸ்டேஷன் வாசற்படியிலிருந்து தொடங்குகிறது என்பது சுவாமியின் தீர்ப்பு. றீற்றா படியில் நின்று சிலுவை போட்டாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் பெரிய சட்டக்காரியாகிவிட்டாள். தங்குமிடத்தில் லிஃப்டில் ஏறமாட்டாள், அதற்கு மோட்டார் உண்டு. மூன்றாம் மாடிக்கு முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். சுப்பர்மார்க்கெட் கதவு தானாகத் திறந்தது. அதுவும் மோட்டார் என்று, யாராவது வெளியே வரும்வரை வாசலில் காத்து நின்றாள். வேறொருவர் திறந்த கதவென்றால் பாவம் அவரோடாம். தக்காளி வாங்கவே கனநேரம் பிடித்தது.

மறுநாள் காலை சைக்கிள்கள் வந்தன. கொண்டுவந்த பெண்ணுக்கு இங்கிலீஷ் வராது. எங்களுக்குப் பிரெஞ்சு வராது. கைப்பிடியில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டி, ஒவ்வொரு நாள் காலையிலும் இதை அழுத்தவேண்டும் என்று சைகை செய்தாள். பிறகு இன்னொன்றைப் பல தடவை அழுத்திவிட்டு, பெருவிரலை உயர்த்திக் காட்டிப் போய்விட்டாள். லைற்றாக்கும் என்று நினைத்தோம். பக்கத்தில் சின்ன மணிக்கூடு மாதிரி ஒன்று வேகம் காட்டியது. சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல பாரம். பிரான்ஸ் இரும்பு பழுதில்லை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஏறி மிதித்தேன். என்ன சொல்ல! கால் வைத்ததுதான் தெரியும், பின்னால் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல் சைக்கிள் போனது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. றீற்றாவும் எனக்குப் பக்கத்தில் காற்றாய் வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கும் தெரியுதோ?"

"ஓம்."

"மாதா தள்ளுறா."

நான் மறுக்கவில்லை. ஹென்டர்சன் பேக்கரியில் இரவு முழுக்கத் தட்டுச் சுமக்கிற எனக்கு என் காலைப் பற்றித் தெரியும். இந்தப் பலம் என்னுடையது இல்லை.

வாய்க்கால் கண்ணாடி போலக் கிடந்தது. இரண்டு கரையிலும் பெரிய மரங்கள், மேலே கொப்புகள் கூடிக் கோயில் முகடு போல. கார் இல்லை, ஹோர்ன் இல்லை. எதிரே வருகிற ஒவ்வொருவரும் 'பொன்சூர்' சொன்னார்கள். ஏவன்டேலில் பக்கத்து வீட்டுக்காரன் எனக்கு வணக்கம் சொல்ல வருடங்கள் பிடித்தன. நாங்களும் பொன்சூர் சொல்லிச் சொல்லி, செபமாலையை எங்கே விட்டோம் என்று மறந்து மறந்து மறுபடி தொடங்கினோம். எத்தனை செபமாலை முடிந்தது என்று மட்டும் றீற்றா விரலில் கணக்கு வைத்திருந்தாள்.

சாப்பாடுதான் சோதனை. மத்தியானம் ஆனதும் ஊர் முழுக்கக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கடைக்காரர், தபாற்காரர், மருந்துக்கடைக்காரி, எல்லாரும் வீட்டுக்குப் போய் ஆறுதலாகச் சாப்பிடுகிறார்கள். பசித்தவன் வாசலில் நிற்க வேண்டியதுதான். எங்கள் தெருமுனை டெயரிக் கடைக்காரர் கிறிஸ்மஸ் நாளில்கூடப் பால் விற்பார். ஆனால் பாண் என்றால் பாண். நான் பாண் போடுகிறவன், சொல்கிறேன்: அந்த நீட்டுப் பாணை உடைத்தபோது வந்த சத்தத்துக்கே அரைப்பசி தீர்ந்தது. றீற்றா போத்தலில் கொண்டுவந்திருந்த இடிச்ச சம்பலை அதன் நடுவில் வைத்து, வாய்க்கால் கரையில் இருந்து சாப்பிட்டோம். அவ்வழியே வந்த ஒரு ஜெர்மன் தம்பதி வாங்கிச் சுவைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலோடு நெடுநேரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

அன்று தங்கிய வீட்டுக்காரர் சைக்கிளையும் காட்டினார், சுவரையும் காட்டினார். சுவரில் சாத்தி வைக்கச் சொல்கிறார் என்று சாத்தி வைத்தேன். அவர் இன்னும் ஏதோ சொல்லிச் சுவரின் அடிப்பக்கத்தைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் ஒட்டி வைத்தேன். மனிதர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாங்கள் வெள்ளியில் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. காலையில் வீட்டுக்காரப் பெண் ஒரு தட்டில் பொரித்த உருளைக்கிழங்கு கொண்டுவந்து வைத்தாள். றீற்றா மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "இது தாராக் கொழுப்பில பொரிச்சது. தொடாதேங்கோ." அந்தப் பக்கத்தில் எல்லாமே தாரா என்கிற வாத்துத்தான். சூப்பிலும் தாரா, சலாட்டிலும் தாரா. நான் உருளைக்கிழங்கு மரக்கறிதானே என்று மூன்று நாலு துண்டு போட்டுக்கொண்டேன். நல்ல ருசி.

மத்தியானத்துக்குள் பாதை வாய்க்காலை விட்டுப் பிரிந்து மெல்ல மேடு ஏறியது. ஏற்றத்தின் நடுவில் என் சைக்கிள் செத்தது. சக்கரம் சுற்றுகிறது, ஆனால் முதுகில் இருந்த கையை யாரோ எடுத்துவிட்டார்கள். கல்லை இழுப்பது போல் ஆனது. இறங்கித் தள்ளினேன். றீற்றா மேட்டு உச்சியில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"தாரா" என்றாள்.

"உருளைக்கிழங்கு றீற்றா."

"மாதாவுக்குத் தாராவும் தெரியும், உருளைக்கிழங்கும் தெரியும். எனக்கு ஒண்டும் இல்லைப் பாருங்கோ, பஞ்சு மாதிரிப் போகுது."

அடுத்த மேட்டில் அவளுடையதும் செத்தது.

"புருசன் செய்த பாவம் பெஞ்சாதிக்கும்" என்று புல்லில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு புல்லைப் பிடுங்கி எறிந்தாள். "பிள்ளை வயித்தோட இருக்கிறாள். நீங்கள் ஒரு கிழங்கை விடமாட்டீங்களோ?" எனக்கு அந்தக் கிழங்கு நெஞ்சில் வந்து நின்றது. இரண்டு பேரும் பாதையோரத்தில் முழங்காலில் நின்று மனஸ்தாப செபம் சொன்னோம். எழும்பி மிதித்துப் பார்த்தேன். இன்னும் பாரமாகத்தான் இருந்தது.

அப்போது வண்ண வண்ண இறுக்க உடுப்போடு, பெரிய வயிற்றோடு ஒரு கிழவர் சைக்கிளில் வந்து நின்றார். பெயர் ஜெரார். பக்கத்துக் கிராமத்தில் உள்ளிப்பூண்டு பயிரிடுகிறவர். எங்கள் சைக்கிள்களைப் பார்த்தார், அந்த மணிக்கூட்டைத் தட்டினார். பிறகு தன் போனில் ஏதோ பேசி எங்கள் பக்கம் நீட்டினார். போன் ஒரு பெண் குரலில் சுத்தமான தமிழில் சொன்னது: "உங்கள் மின்கலம் இறந்துவிட்டது."

"ஐயோ, ஆர் செத்தது?" என்று றீற்றா சிலுவை போட்டாள்.

ஜெரார் சைக்கிளின் தண்டில் ஒரு மூடியைத் திறந்து, பாண் நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை உருவி எடுத்துக் காட்டினார். பற்றறி, இரவில் சுவர்ப் பிளக்கில் போட வேண்டியதாம். பின் சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார். அதற்குள் மோட்டார்.

றீற்றா சைக்கிளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். லிஃப்டில் ஏறாதவள். தானாகத் திறக்கும் கதவைத் தாண்டாதவள். அத்தனை நாளும் மோட்டாருக்கு மேலேயே குந்தியிருந்து செபமாலை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அன்ரனுக்குப் போன் எடுத்தேன். "அத்தான், ஏறினவுடன தெரிஞ்சிருக்குமே! அக்காவின்ர முழங்காலுக்கு எண்டுதானே நான் திறமானதா எடுத்தனான்" என்றான். அவனை என்ன சொல்ல? நேர்த்தியின் முழு விவரத்தையும் நாங்கள் அவனுக்குச் சொல்லவில்லை.

ஜெரார் வீட்டிலிருந்து தன் வானைக் கொண்டுவந்து ஏற்றிப்போவதாகச் சொன்னார். றீற்றா இரண்டடி பின்னால் போனாள். பாவம், மனிதர் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களோடு நடந்தே வீட்டுக்கு வந்தார். கூரை முழுக்கப் பூண்டுப் பிடிகள் தொங்கும் ஒரு கொட்டிலில் எங்களை இருத்தி, சாப்பாடு தந்தார். தாராதான். நான் தொடவில்லை.

"திரும்பிப் போய் ஸ்டேஷன் படியில இருந்து தொடங்குவம்" என்றாள் றீற்றா.

"நாளில்லையப்பா. பிளேன் இருக்கு. பிள்ளையும் இருக்கிறாள்."

"அதுதான் சொல்லுறன், பிள்ளை இருக்கிறாள் எண்டு!"

ஒக்லாந்தில் விடியும் நேரம் பார்த்துச் சுவாமியை எழுப்பினோம். சுவாமி முழுவதையும் கேட்டார். போனின் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் இருமினார். இருமல்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். "றீற்றா, அந்தத் தூரத்தை நான் மன்னித்துவிடுகிறேன். மாதாவும் மன்னிப்பா. நீங்கள் மேலே போங்கள்" என்றார்.

"சுவாமி மன்னிக்கலாம். ஆனால் நான் சுவாமியிடமா வாக்குக் கொடுத்தேன்?" என்றாள் றீற்றா.

இந்த வழக்கு முழுவதையும் போன் வழியாக ஜெராருக்குச் சொன்னோம். அவர் கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்காதவராம். அதைப் போனே சொன்னது. ஆனால் மனிதர் மிகவும் கவனமாகக் கேட்டார். பிறகு எழுந்து போய், மூலையில் சாக்கு மூடிக் கிடந்த ஒன்றை இழுத்து வந்தார். நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சிச் சைக்கிள். இருதய ஒப்பரேஷனுக்குப் பிறகு டாக்டர் வாங்கச் சொன்னது. மோட்டாரில் வந்த தூரத்தை இதில் மிதித்துக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத் தன்னுடைய சாதாரணச் சைக்கிள்களை எடுத்துப் போகலாமாம்.

நான் சிரிக்கப் போனேன். றீற்றாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் குனிந்து அந்த இயந்திரத்தின் அடியைப் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். ஒரு வயர் இருந்தது. தூரம் காட்டும் மணிக்கூட்டுக்கு என்று ஜெரார் சொன்னார். "அதையும் கழட்டச் சொல்லுங்கோ" என்றாள். கழற்றியாயிற்று. இனித் தூரத்தை எப்படி அளப்பது?

"செபமாலையில" என்றாள். "மோட்டாரில எத்தினை சொன்னனோ, அத்தினையும் திருப்பிச் சொல்லுறன்."

ஜெரார் போனில் திசைகாட்டி பார்த்து, இயந்திரத்தை லூர்து இருக்கும் தெற்குப் பக்கம் திருப்பி வைத்தார். கொஞ்சம் கோணல் என்று மறுபடி நகர்த்தினார்.

அடுத்தநாள் காலை தொடங்கிவிட்டாள். முழங்காலுக்குத் துவாய் சுற்றி, உச்சியில் பூண்டு தொங்க, என் மனைவி பிரான்ஸ் நாட்டின் ஒரு கொட்டிலுக்குள் எங்கேயும் போகாமல் போய்க்கொண்டிருந்தாள். அவள் களைத்தால் நான் ஏறினேன். பக்கத்து வீட்டு ஒடெத் கிழவி எட்டிப் பார்த்தாள். ஜெரார் விளக்கம் சொன்னார். கிழவி வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் செபமாலையோடு வந்து, வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். றீற்றா முன்பாதியைத் தமிழில் சொன்னால், கிழவி பின்பாதியைப் பிரெஞ்சில் சொன்னாள். எங்கேயும் முட்டவில்லை. பின்னேரத்துக்குள் அரைக் கிராமம் வந்துவிட்டது. ஒருத்தி கேக் கொண்டுவந்தாள். ஒரு மனிதர் வாசலில் நின்று, "இப்போது எங்கே வந்திருக்கிறார்கள்?" என்று கேட்பதும், ஜெரார் யோசித்து ஏதோ ஒரு ஊரின் பெயரைச் சொல்வதும், அந்த மனிதர் தலையாட்டுவதும் நடந்தது. பரிகசித்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு விளையாட்டுப் போட்டியைப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

மறுநாளும் தொடர்ந்தது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு கார்த்திக் அழைத்தான். குரல் சரியில்லை.

"மாமா, ஷெரினுக்கு வலி வந்துருச்சு. நாள் இருக்கு, ஆனா வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். குழந்தையோட துடிப்பு குறையுதுன்னு சொல்றாங்க. உள்ள கொண்டு போயிருக்காங்க. அத்தைகிட்ட மெதுவாச் சொல்லுங்க."

மெதுவாகச் சொல்ல என்ன இருக்கிறது, அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். சொன்னேன். அவள் இறங்கவில்லை. வேகமாக மிதிக்கத் தொடங்கினாள்.

"இறங்கும் றீற்றா. கால் போயிடும்."

"பாதிவழியில இறங்கப்படாது."

"எந்த வழியில? நீர் நிண்ட இடத்திலதானே நிக்கிறீர்!"

"இன்னும் வந்து சேரேல்லையே நான்! அதுக்குள்ள இப்பிடி…" என்று அழுதாள். அழுதுகொண்டே மிதித்தாள். இயந்திரம் கிரீச்சிட்டது. ஒடெத் கிழவிக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் செபத்தின் வேகத்தைக் கூட்டினாள். ஜெரார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் இயந்திரம் சரிந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன் அடித்தது. என் இரண்டு கையும் இயந்திரத்தில் இருந்ததால் ஜெரார்தான் அழுத்தினார். முதலில் ஒரு அழுகைச் சத்தம். பூனைக்குட்டி மாதிரி, ஆனால் நல்ல கோபத்தோடு.

"கேக்குதா அத்தை? பொண்ணு! சின்னதா இருக்கா, ஆனா நல்லா இருக்கா. ஷெரினும் நல்லா இருக்கா. இதோ, அவளே பேசணுமாம்."

"அம்மா" என்றது ஷெரினின் குரல். இங்கிலீஷ் இல்லை, தமிழ். "அம்மா, நீங்கள் எங்க நிக்கிறீங்கள்?"

றீற்றாவின் கால்கள் நின்றுவிட்டன. சக்கரம் மட்டும் கொஞ்சநேரம் தன்பாட்டில் சுற்றியது. அவள் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள்: பூண்டு, வைக்கோல், கேக் தட்டு, வாய் பிளந்து நிற்கும் சனம்.

"நான் ஒரு இடத்திலயும் இல்லை, பிள்ளை" என்றாள். "வெளிக்கிட்ட இடத்திலயே நிக்கிறன்."

கிராமம் கைதட்டியது. ஜெரார் ஒடெத்தைக் கட்டிப்பிடித்தார். யாரோ போத்தல் திறந்தார்கள். றீற்றா இறங்கி, துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இஞ்சாருங்கோ. வானை எடுக்கச் சொல்லுங்கோ."

"எந்த வானை?"

"அவற்ற வானைத்தான். லூர்துக்கு."

"நேர்த்தி?"

"நான் வந்து சேரமுன்னமே அவ தந்திட்டா. ஒரு அடி அசைஞ்சனானோ நான்? இனி அவவோட என்ன பேரம்?" செருப்பைத் தேடிக் காலில் கொழுவினாள். "நேர்த்தி எண்டால் ஆறுதலாப் போகலாம். நன்றி சொல்லுறதுக்குச் சுணக்கப்படாது. கெதியா வாங்கோ."

வானில் முன்னால் இரண்டே இருக்கை. ஜெரார் ஓட்ட, றீற்றா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால், பூண்டு மூட்டைகளுக்கு நடுவில். ஜெரார் சந்தோஷத்தில் இருந்தார், அந்தக் கிராமத்து றோட்டுகளோ ஒரே வளைவு. மூட்டைகள் ஒரு வளைவுக்கு என் மேல் விழுந்தன, அடுத்த வளைவுக்கு நான் அவற்றின் மேல் விழுந்தேன். முன்னால் றீற்றா, "கெதியா, கெதியா" என்று கையால் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் அழுத்தினார்.

எதிரே ஒரு டிராக்டர் வந்தது. கண்ணை மூடினேன். "தாயே, உயிரோட இறக்கிவிடு, நான் உனக்கு…" என்று தொடங்கி, வாய்வரை வந்த நேர்த்தியை அப்படியே விழுங்கிவிட்டேன்.